மேல்மடைக் காற்று

எங்கள் சந்தில் காற்று ஒருநாளும் திசை மாறியதில்லை. வில்லியனூரைத் தாண்டி ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்த நூல் மில்லின் பின்சுவரை ஒட்டிய சந்து அது. சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பெரிய வட்ட ஓட்டை, ஓட்டைக்குள் இரும்பு விசிறி. மிஷின் சூட்டில் புழுங்கிப்போன காற்றை அந்த விசிறி உள்ளேயிருந்து இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மில்லுக்குள் அதற்கு எக்ஸாஸ்ட் என்று பேர். சந்துக்காரர்களான எங்களுக்கு அது மில்லுக் காற்று.

வெதுவெதுப்பான காற்று. எண்ணெய் வாசனையும் பஞ்சு வாசனையும் கலந்து வரும். கூடவே வருகிற பஞ்சுத் துகள் எதிர்ப்பக்கத்து வேலிக்காத்தான் முள்ளில் படிந்து, வருஷம் பூராவும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்து ஊரே ஈரத்துணியோடு அல்லாடுகிறபோது, மழை விட்ட கொஞ்ச நேரத்தில் எங்கள் சந்துக்கு மூட்டை மூட்டையாகத் துணி வந்து இறங்கும். பிள்ளை பெற்ற வீட்டுத் துணிதான் அதில் பாதி. அந்தக் காற்றில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் கண் சொக்கும். ஆடுகள் படுத்துத் தூங்கும், ஆட்டுக்காரர் ஆட்டின் மேல் தலை வைத்துத் தூங்குவார். மில்லுக்கு லீவு விடுகிற நாளில் காற்று நின்றதும், யாரோ தட்டி எழுப்பினது மாதிரி எல்லாரும் எழுந்து உட்கார்ந்து, இது எந்த ஊர் என்று பார்ப்பார்கள்.

அந்தச் சந்தில் தூங்காமலே கனவு கண்ட ஒரே ஆள் என் வீட்டுக்காரர் இருசப்பன். விசிறிக்கு நேர் எதிரே கீற்றுப் பந்தல் போட்டுச் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பம்ப், ஒரு தண்ணீர்த் தொட்டி, பஞ்சர் ஒட்டுகிற சாமான். வண்டியைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டிக்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே பஞ்சர் ஒட்டிக்கொண்டு போவான்.

நான் தையலம்மாள். அதே மில்லில் ரீலிங் பிரிவில் வேலை, ஓடுகிற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற வேலை. என் இடம் வரிசையில் கடைசி, விசிறிக்குப் பக்கத்தில். ஆக எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு விசிறியும்தான். நிமிர்ந்து பார்த்தால் சுற்றுகிற இறக்கைகளுக்கு நடுவே வானம் நறுக்கி நறுக்கித் தெரியும். அந்தத் துண்டு வானத்துக்குக் கீழே அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே நூல் சுற்றினால் பகல் போவது தெரியாது. எனக்குக் கொஞ்சம் இளைப்பு உண்டு. பஞ்சு வேலைக்குப் போகிறவர்களுக்கு வருவதுதான். ஆனால் விசிறிப் பக்கத்தில் இடம் கிடைத்ததால் அது என்னை அதிகம் படுத்தவில்லை.

ஒருநாள் வீட்டில் சோறு போடும்போது அவர் சொன்னார்.

"மத்தியானம் உன் மரிக்கொழுந்து வாசன வெளிய வந்துது."

"ஆமா, மில்லு மொதலாளி கூட அத்தத்தான் மோந்து பாத்துக்கினு கெடக்கறாரு. துன்னுய்யா."

"நெசமாத்தான் சொல்றேன் தையலு. எண்ண வாட, பஞ்சு வாட, அதுக்கு நடுவுல சன்னமா வருது."

காலையில் நான் கொழுந்து வைத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்துவிட்டு அளக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் கொழுந்தை மடியில் முடிந்துகொண்டு வெறுந்தலையோடு போனேன். உள்ளே சாப்பாட்டுச் சங்கு ஊதினதற்கு அப்புறம் எடுத்துத் தலையில் வைத்தேன். திரும்பக் கிளம்பும்போது கழற்றிப் பக்கத்து இடத்துக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டேன். சந்துக்குள் வந்ததும் அவர் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இன்னா, இன்னிக்கி சாப்பாட்டு சங்குக்கு அப்புறம்தான் கொழுந்து வச்ச போல?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "நாய் மூக்குய்யா உனுக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் புதுப்பெண் மாதிரி வெட்கம் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் பாகூர்ப் பக்கம். ஏரிப் பாசனம். என் பிறந்த வீட்டு வயல் வாய்க்காலின் தலைப்பில், மேல்மடை. அவர் வீட்டு வயல் கடைக்கோடி, கீழ்மடை. மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் ஆகாது என்பது ஏரி உள்ள ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். கடைக்கோடிக்குத் தண்ணீர் சோம்பல் முறித்துக்கொண்டு வரும். கீழ்மடைக்காரர்கள் பொறுக்கமாட்டார்கள். வாய்க்காலின் இரண்டு பக்கமும் மண்ணை வெட்டிப் போட்டு, பனைமட்டையைச் சொருகி, வாயைக் குறுக்குவார்கள். குறுகின இடத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு பாயும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் போகிற தண்ணீர் அதிகமானதாக அர்த்தமில்லை. மேலே தேங்கி எங்கள் நாற்று மூழ்கும். என் அப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அப்படி ஓடிப்போய்ச் சண்டை பிடித்து, ஊர்க்காரர்கள் சமாதானம் பேசி, சமாதானத்தோடு சமாதானமாக என்னைக் கீழ்மடையில் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்ததும் கையளவு நிலம் எதற்கும் ஆகாமல் நாங்கள் வில்லியனூர்ப் பக்கம் வந்துவிட்டோம்.

ஐப்பசி, கார்த்திகையில் பொழுது சீக்கிரம் சாயும். மில் விட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் நுழைகிறபோது கருக்கல் கட்டிவிடும். ஒரு சாயங்காலம் சந்து திரும்புகிற முக்கில் நான் ஒரு கண்ணாடி விரியனை மிதித்துவிட்டேன். அது திரும்பிக் கொத்தியது. தடிச்செருப்பு தப்ப வைத்தது. செருப்பின் ஓரத்தில் இரண்டு பல் குறி. அவர் அந்தச் செருப்பை மடியில் வைத்து, குறியை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "செருப்புக்கு ஒண்ணும் ஆவல, கொடுய்யா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ச் சந்து முக்கில் ஒரு விளக்குக் கம்பம் கேட்டார். புறம்போக்குக்குக் கம்பம் கிடையாது, நாடே கரண்டு இல்லாமல் தவிக்கிறபோது இந்தப் பேச்சே பேசக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அகல் வைக்கலாம் என்றால் எங்கள் சந்தில் அதுவும் நடக்காது. மில்லுக் காற்று எந்த விளக்கையும் நிற்க விடாது. கார்த்திகை தீபத்தன்றைக்கு ஊர் பூரா வாசலில் விளக்கு எரிய, எங்கள் சந்து மட்டும் இருண்டு கிடக்கும்.

அவர் விசிறிக்கு எதிரே போய் நின்றுகொண்டு சட்டை உப்பி நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையலு, இந்தக் காத்துக்கு ஓயாம ஓடறதுக்கு எவ்ளோ தெம்பு கீது பாரு. மில்லுக்காரன் கரண்டு போட்டு இத்த வெளிய தள்றான். தள்ளிட்டு மறந்துடறான். அந்தத் தெம்பு முள்ளுல பஞ்ச மாட்டிட்டு வீணாப் போவுது."

"அதுக்கு இன்னா பண்ணப் போற? மூட்ட கட்டி வக்கப் போறியா?"

"வெளக்கு எரிக்கப் போறேன்."

நான் வழக்கப்படி திட்டினேன். திட்டுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. எங்கள் வீட்டில் உப்பு இல்லாத நாள் இருக்கலாம், என் வாய் சும்மா இருந்த நாள் கிடையாது. அவருக்கும் அது மழைச் சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது.

சாமான் கொடுத்தது கௌஸ் பாஷா. வில்லியனூர் கடைத்தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். தூக்கி எறிந்த எதையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷர். என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டதும் கடகடவென்று சிரித்தார்.

"இருசா, ஓட்ட ஈயம் வாங்கிக்கிறேன், ஒடஞ்ச பித்தள வாங்கிக்கிறேன். காத்த எட போட்டு வாங்க எங்கிட்ட தராசு இல்லடா. ஆனா மில்லுக்காரன் கழிச்சுப் போடறதுல இதுதான் பெரிய அயிட்டம். எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று சொல்லி, ஒரு பழைய சைக்கிள் ரிம்மும் டைனமோவும் எடுத்துக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் டால்டா டப்பாவைப் பிரித்து இலை இலையாக வெட்டி ரிம்மின் ஆரங்களில் கட்டினார். இரண்டு கம்பு நட்டு நடுவில் சக்கரத்தை மாட்டினார். விசிறிக் காற்று பட்டதும் சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுற்றத் தொடங்கியது. டைனமோவை ரிம்மோடு உரசவிட்டு, ஒரு சைக்கிள் விளக்கின் பல்பை ஒயரில் கோத்துச் சந்து முக்கில் கம்பில் கட்டினார். பல்புக்குள் கம்பி சிவந்தது. அவ்வளவுதான். நெருப்புக் குச்சி அணைந்த பிறகு அதன் தலையில் ஒரு சிவப்பு நிற்குமே, அந்த அளவு.

"இந்த வெளிச்சத்துல பாம்பே வந்து, எனுக்குக் கொஞ்சம் வழி காட்டுன்னு கேக்கும்" என்றேன்.

அவர் காற்றில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். சுவரை ஒட்டி வேகம் இருந்தது. தள்ளி வரவர விரிந்து பரந்து மெலிந்துபோனது. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கு அந்த முகம் தெரியும். வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்ற கீழ்மடைக்காரர்களின் முகம் அது. அன்றைக்கு நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை.

பாயிடமே ஜிங்க் தகடுகள் வாங்கி வந்து, ஒன்றோடு ஒன்று ரிவிட் அடித்து ஒரு பெரிய புனல் செய்தார். அகலமான வாய் சுவர் ஓட்டையைச் சுற்றி அப்படியே கவிந்துகொண்டது. சின்ன வாய்க்கு எதிரே சக்கரம். மில்லின் பின்பக்கத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வெளியே விட்ட காற்று எங்கே போனால் அவர்களுக்கு என்ன.

புனல் மாட்டின அன்றைக்குச் சாயங்காலம் நான் வேலை விட்டுச் சந்துக்குள் திரும்பினேன். முக்கில் வெளிச்சம். மஞ்சள்கூட இல்லை, வெள்ளை வெளிச்சம். தரையில் என் நிழல் விழுந்தது. அந்த முக்கில் என் நிழலை நான் பார்த்ததே கிடையாது. காற்றில் மிதந்து வந்த பஞ்சுத் துகள்கள் வெளிச்சத்துக்குள் வரும்போது பற்றிக்கொண்ட மாதிரி மின்னி, தாண்டினதும் அணைந்தன. பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தன. முள்ளில் கிடந்த பஞ்செல்லாம் நிஜப் பூவாகிவிட்டது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பாம்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போட்ட வெளிச்சத்தில் தரையைப் பார்க்கவே தோன்றவில்லை.

அவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தெரியுதா தையலு, கால் வக்கிற எடம்?" என்று மட்டும் கேட்டார். தெரிகிறது என்று தலையாட்டினேன். என் கண்ணில் தண்ணீர் நின்றது. இந்த மனுஷர் கையில் எடுத்த காரியம் எதுவும் இதுவரைக்கும் கரை சேர்ந்ததில்லை. முதன்முதலாகச் சேர்ந்த ஒன்று எனக்காகச் செய்தது.

மறுநாளிலிருந்து சந்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கௌஸ் பாஷா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரைக் கனாக்கார இருசப்பன் என்று கேலி பண்ணின வாய்களெல்லாம் இப்போது, இருசப்பன் அண்ணே, எப்படிச் செய்தீங்க என்று கேட்டன. அவருடைய முதுகு நிமிர்ந்தது. பஞ்சர்கூட ஒழுங்காக ஒட்டினார்.

அதே நாட்களில் மில்லுக்குள் புழுக்கம் ஏறியது. அதையும், விசிறிப் பக்கம் வெளிச்சம் மங்கினதையும் முதலில் நான் மழை மூட்டம் என்றுதான் நினைத்தேன். பிறகு என் இடத்திலும் கஸ்தூரி இடத்திலும் மட்டும் அனல் கட்டிக்கொண்டு நின்றது. பஞ்சுத் துகள் சுவரை நோக்கிப் போகாமல் அந்தரத்தில் தொங்கியது. மூச்சை இழுத்தால் பாதி பஞ்சு.

"இன்னாடி இது, இட்லிப் பானைக்குள்ள ஒக்காந்த மாதிரி கீது" என்றாள் கஸ்தூரி.

மேஸ்திரி சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஃபேன் சுத்துதே, கண்ணு தெரியலியா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசிறி சுற்றத்தான் செய்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு துண்டுப் பஞ்சை விசிறிக் கம்பிக்குப் பக்கத்தில் நீட்டினேன். முன்பெல்லாம் விரலைவிட்டுப் பறித்துக்கொண்டு போகும். இப்போது அது என் விரலில் சும்மா ஆடியது. இறக்கைகளுக்கு நடுவே பார்த்தேன். வானம் இல்லை. தகடு தெரிந்தது. கூர்ந்து பார்த்தால் தூரத்தில் ஒரு சின்ன வட்டமாக வெளிச்சம், அதற்கு எதிரே எதுவோ தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்பாவின் குரல் காதுக்குள் கேட்டது. கீழே ஓட்டம் சீறுதுன்னா மேலே நாத்து மூழ்குதுடி. நான் மறுபடியும் மேல்மடையில் நின்றுகொண்டிருந்தேன்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கெல்லாம் எட்டு வீட்டுக்குக் கேட்கக் கத்துகிறவள் நான். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் அந்த முக்கு வந்தது. அந்த வெளிச்சம் வந்தது. என் நிழல் எனக்கு முன்னால் நடந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டு, கால் வைக்கிற இடம் தெரிகிறதா என்று கேட்டார். நான் தெரிகிறது என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

அந்த வெளிச்சத்தின் மேல் நான் வைத்த ஆசைக்குக் கஸ்தூரி எதற்குப் பலியாக வேண்டும்? மேஸ்திரியிடம் சண்டை போட்டு அவளை நடு வரிசைக்கு மாற்ற வைத்தேன். அவள் இடத்தையும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டேன். மரிக்கொழுந்தை மட்டும் விடவில்லை. அந்த அனலில் அது எனக்கு ஒரு துணை மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனால் பேசத் தெம்பு இருக்காது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவர் "இன்னா தையலு?" என்று கேட்டால் "பனி" என்பேன். சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். மூடின கண்ணுக்குள் அந்த முக்கும், மின்னி மின்னி அணைகிற பஞ்சும் வந்துகொண்டே இருக்கும். தூக்கமா விழிப்பா என்று தெரியாது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டுப் போய் அந்தப் பல்புக்குள் எரிவது மாதிரி தோன்றும். தோன்றுவது என்ன, அதுதானே நடந்தது. அதுகூட எனக்கு அப்போது அழகாகத்தான் இருந்தது.

அவரும் அந்த நாட்களில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். ஆட்கள் வந்து புகழும்போது சிரிப்பார். அவர்கள் போனதும் புனலின் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு மூக்கை விடைத்துக்கொண்டு நிற்பார். ஏதோ புதுக் கனவு பிடித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகை தீபம் வந்தது. அந்த வருஷம் எங்கள் சந்திலும் விளக்கு உண்டு என்று கௌஸ் பாஷா கடைத்தெரு பூராவும் சொல்லி வைத்திருந்தார். சாயங்காலம் மில் விட்டு வெளியே வந்தபோது எனக்கு நடை தள்ளாடியது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டே சந்துக்கு வந்தேன். முக்கில் ஒரு திருவிழாக் கூட்டம். பெண்கள் கையில் பொரி உருண்டை, இடுப்பில் பிள்ளைகள். நடுவில் பல்பு நிலா மாதிரி நின்றது. கௌஸ் பாஷா ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"காத்து வெளக்க அணைக்கும், அது ஒலகத்துக்கே தெரியும். காத்து வெளக்க ஏத்தி எவனாவது பாத்திருக்கீங்களா? இதோ, நம்ம இருசா ஏத்திட்டான்!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். என் வீட்டுக்காரர் பல்பைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் எதிரே நின்றார்.

"தையலு, இன்னிக்கி கொழுந்து வச்சியா?"

அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று புரிந்துவிட்டது. விசிறி உள்ளேயிருந்து இழுத்தால்தானே வாசனை வெளியே போகும்.

"இல்ல" என்றேன். "தீபத்துக்கு இன்னா வெல சொல்றான் தெரியுமா கொழுந்து. எவ வாங்குவா?"

அவர் கையை நீட்டி என் பின்னலிலிருந்து எதையோ உருவினார். கொழுந்து தலையிலேயே இருந்தது எனக்கு நினைப்பில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலையில் பச்சையாக வைத்தது, அனலில் வெந்து, கடைந்த கீரை மாதிரி கறுத்துப் போயிருந்தது. மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். அவர் உதடு கோணிக்கொண்டது.

"கொஞ்ச நாளா உன் வாசன வரல" என்றார். "சரி, வக்கலியாங்காட்டியும்னு நெனச்சேன். நீ திட்டவும் இல்ல. அத்தயும் ஒடம்பு அசதின்னு நெனச்சேன். ரெண்டும் ஒண்ணா நின்னா எனுக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? மேல்மடையில நீ நிக்கறன்னு மறந்துட்டேனே தையலு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா. எல்லாரும் பாக்கறாங்க. விடு" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

அவர் கொழுந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்க நடந்தார். ஏணியை எடுத்துச் சாத்தினார்.

"இருசா, இன்னாடா பண்ற? பத்து ஊரு ஜனம் நிக்குதுடா!" என்று கௌஸ் பாஷா கத்தினார்.

"இருக்கட்டும் பாய்."

புனலின் கம்பிக்கட்டை முறுக்கி அவிழ்த்தார். தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். தகடு பெரிய சத்தத்தோடு கீழே விழுந்தது. அத்தனை நாள் அடைபட்டுக் கிடந்த காற்று ஒரேயடியாக வெளியே பாய்ந்தது. புனலுக்குள் சேர்ந்திருந்த பஞ்செல்லாம் கிளம்பி, கூட்டத்தின் மேலும் முள்ளின் மேலும் ஒரு வெள்ளை மழையாகப் பெய்தது. கடைசி வெளிச்சம் அந்தப் பஞ்சில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு சக்கரம் தளர்ந்தது, பல்பு மஞ்சளாகி, சிவப்பாகி, ஒன்றும் இல்லாமல் போனது. பெண்களின் முந்தானை படபடக்கிற சத்தம் மட்டும் இருட்டில் கேட்டது.

யாரோ ஒருத்தி சிரித்தாள். யாரோ "ச்சே" என்றார்கள். கூட்டம் கலைந்து அவரவர் வீட்டு விளக்கைப் பார்க்கப் போனது. நான் விழுந்து கிடந்த தகட்டின் மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். விளக்கு போனதற்காகவா, அவர் கண்டுபிடித்ததற்காகவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கௌஸ் பாஷா மட்டும் போகாமல் நின்றார். தன் துண்டை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் என் இடத்தில் போய் நின்றதும் முன்நெற்றி மயிர் பறந்து சுவர்ப்பக்கம் போனது. கையில் பஞ்சை எடுத்து நீட்டினேன். நீட்டுவதற்குள் பறித்துக்கொண்டு போய்விட்டது. இறக்கைகளுக்கு நடுவே வானம், நறுக்கின வானம், அதில் ஒரு பருந்துகூட நறுக்கு நறுக்காகப் பறந்தது. கஸ்தூரி நடு வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடி, ஃபேனுக்கு உசுரு வந்துடுச்சா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். மடியிலிருந்து மரிக்கொழுந்தை எடுத்து, சாப்பாட்டுச் சங்குவரைக்கும் காத்திருக்காமல் அப்போதே தலையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சந்து முக்கில் திரும்பினால் இருட்டுக்கு நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. சக்கரத்தைச் சுவரைவிட்டு நன்றாகத் தள்ளி, முள் வேலிக்குப் பக்கத்தில் நட்டிருந்தார். விசிறி விட்ட காற்று எங்கும் முட்டாமல் விரிந்து வந்து, போகிற போக்கில் சக்கரத்தையும் தொட்டுவிட்டுப் போனது. பல்பில் வெந்தயம் அளவுக்கு ஒரு ஒளி. அதன் கீழே அவர் நின்றார்.

"இந்த வெளிச்சத்துல பாம்பு தெரியுமாய்யா?"

"தெரியாது."

"அப்புறம் இன்னாத்துக்கு இது?"

"நான் நிக்கறது தெரியுதுல்ல?"

தெரிந்தது. முகம்கூடத் தெரியவில்லை. ஆள் நிற்பது தெரிந்தது, கையில் பிடித்திருந்த தடியும் தெரிந்தது. அவர் தடியால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். நாலு எட்டு போனதும் திரும்பாமலே சொன்னார்.

"இன்னிக்கி காலையிலயே வச்சிட்ட போல."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை கோபம். பத்து ஊர் பார்க்க மானத்தை வாங்கினாயே, தகட்டைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தாயா, புனலைக் கழற்றத் தெரிந்தவனுக்கு அதற்கு ஒரு கதவு வைக்கத் தெரியாதா, நாய் மூக்கு வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்ன செய்தாய் என்று ஆரம்பித்தேன். வீட்டு வாசல் வரைக்கும் நிறுத்தாமல் திட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை.